தினமும் விழுந்த பலகை

புதுப்பித்த கன்பூசியஸ் கோயிலில் ஒரே ஒரு பெயர்ப்பலகை மட்டும் தினமும் காலையில் குப்புற விழுந்து கிடந்தது. காலமான ஊர்ச் சான்றோரின் பெயர் பொறித்த அந்தப் பலகைகளைச் செய்தவன் நான். பலகையின் அடியில் நாக்குபோல ஒரு முனை நீண்டிருக்கும். அது பீடத்தின் பள்ளத்தில் இறங்கி இறுகிவிட்டால் பூகம்பத்துக்கும் அசையாது. முனையை மாற்றினேன், பசை போட்டேன், ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். மறுபடியும் விழுந்தது.

அதில் இருந்தது திருப்பணி அதிகாரி லுவானின் அப்பா பெயர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டரோடு படுத்திருந்தார். திறப்புவிழாவுக்கு முன்பே இறந்துவிடுவார் என்று லுவான் முன்கூட்டியே எழுதச் சொல்லியிருந்தார்.

"நாளைக்குப் பெரிய அதிகாரிங்க முன்னால இது விழுந்தா என் வேலை போயிடும், தச்சரே."

வண்ணம் பூசும் ஃபெங் அக்கா சிரித்தாள். "செத்தவங்க பேருதானே சார் இங்க நிக்கும்? உங்கப்பா இன்னும் கஞ்சி கேக்குறாரே."

லுவான் சிரிக்கவில்லை. "எப்பவும் பிடிவாதம்தான் அவருக்கு," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

காலையில் பலகை நிமிர்ந்து நின்றது. தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. முனை, பசை, பீடம், எதையும் நான் தொட்டிருக்கவில்லை.

கையில் துக்கத்துக்குரிய கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு வந்தார் லுவான்.

"சிலிண்டரை மூடிட்டேன்," என்றார்.