வாசலோட நில்லுங்க

"அங்கேயே நில்லுங்க! ஒரு அடி உள்ளே வெச்சீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

பெரிய கத்தரிக்கோலும் கையுமாக எழுந்து நின்ற தையல்காரம்மாவைப் பார்த்ததும் மாடிவீட்டுக்காரர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். முறுக்கிய மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு. மாஸ்க் முகத்தில் இல்லை, கையில் இருந்தது. அதையும் செத்த எலியைப் பிடிப்பதுபோல நாடாவின் நுனியில் பிடித்திருந்தார்.

"என் கதவுல இதை மாட்டினது நீதானே தங்கச்சி? நல்லாத்தான் தைச்சிருக்கே. ஆனா நமக்கு ஒத்து வராது. போட்டா மூச்சு முட்டுது. மீசை வேற நசுங்குது."

கழுத்தில் தொங்கிய தன் மாஸ்க்கை அவசரமாக மூக்குக்கு மேலே ஏற்றிக்கொண்டாள் அவள். "நசுங்கின மீசையை மறுபடி முறுக்கிக்கலாம் அண்ணே. உள்ளே படுத்திருக்கிற மனுஷனுக்கு ஏற்கெனவே இழுப்பு. உங்க மூச்சுக்காத்து பட்டு அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நீங்களா வந்து பதில் சொல்வீங்க?"

"ஒரு முழம் துணிக்குப் பயந்து வியாதி ஓடிடுமாக்கும்" என்று முணுமுணுத்தபடி மாஸ்க்கைக் கைப்பிடிச் சுவரில் போட்டுவிட்டு அவர் மாடியேறினார்.

அவள் மெஷின் முன்னால் பொத்தென்று உட்கார்ந்தாள். கத்தின கத்தலில் தொண்டை கரகரத்தது. மாஸ்க்கை மறுபடி கழுத்துக்கு இறக்கிவிட்டாள். வீட்டுக்குள் யாருக்குப் பயம்?

பள்ளிக்கூடங்களை மூடி, யூனிஃபார்ம் ஆர்டர் நின்றுபோனதும் ஆரம்பித்த வேலை இது. மிச்சத் துணி, பழைய படுக்கை விரிப்பு, அவள் வீட்டுக்காரர் ஆபீசுக்குப் போட்டுப்போன சட்டைகள் என்று எல்லாம் மாஸ்க்காயின. எலாஸ்டிக் கிடைக்காமல் நாடா வைத்துத் தைத்தாள். தெருவில் ஒரு வீடு விடாமல் கொடுத்தாள்.

கொடுத்து என்ன? பாதிப் பேர் தாடைக்குத்தான் போட்டார்கள். பால்காரர் சட்டைப்பையில் வைத்திருந்து, அவள் தலை தெரிந்தால் மட்டும் எடுத்து மாட்டுவார். எதிர்வீட்டு மருமகள், "பூப்போட்டது இல்லையாக்கா?" என்று கேட்டாள். சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஆனாலும் விட மனசில்லை. இன்று காலைதான் முதியோர் இல்லத்திலிருந்து ஆயா வந்து ஒரு பை நிறைய வாங்கிப் போயிருந்தாள். "துவைச்சுக் காய வைக்கக்கூட நேரமில்ல, அப்படியே போட்டுவிடறேன்" என்றாள் ஆயா. இன்னொரு பை சாயங்காலத்துக்குள் வேண்டுமாம்.

தைத்தவற்றின் மடிப்பு நிற்பதற்காக மெஷினுக்குப் பின்னாலிருந்த மேஜையில் வைத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளறையில் வீட்டுக்காரர் இருமுவது கேட்டது. கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

தலையணையை நிமிர்த்தி வைத்து அவரைச் சாய்த்துக்கொண்டாள். தைலத்தைத் தொட்டு நெஞ்சில் தேய்த்தாள். அப்புறம் டப்பாவை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில கட்டிட்டான். ஒரு காரம் இல்ல, ஒண்ணும் இல்ல."

"நேத்துப் பிரிச்ச டப்பாதானே?"

"புது டப்பாவுல பழசை அடைச்சுட்டான் போல. இந்த நேரத்துல யார் போய் அவனைக் கேட்கறது?"

அவர் அவள் முகத்தையே பார்த்தார். "உனக்குக் கண்ணெல்லாம் சிவந்திருக்கு. கொஞ்சம் படேன்."

"படுத்தா எந்திரிக்க மாட்டேன். அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு உடம்பு. இந்தப் பையை முடிச்சுட்டுப் படுக்கறேன்."

ஒரு வாய் வெந்நீர் குடிக்க வைத்து, உதட்டைத் தன் கையாலேயே துடைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள். நேரே மெஷினில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து ஓட்டினாள். ஒரு மாஸ்க் முடிந்தது. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அடுத்தது. கண் எரிந்தது. மூணு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை, எரியாமல் என்ன செய்யும்?

நாலாவது மாஸ்க்குக்கு நாடா வைக்கும்போது மாடிப்படியில் தடதடவென்று சத்தம். நிமிர்வதற்குள் மீசைக்காரர் வாசலைத் தாண்டிக் கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டார். அதே வெறும் முகம்!

அவளுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. "எத்தனை தடவை சொல்றது அண்ணே? உங்களுக்கு என்ன கேடு நாங்க செஞ்சோம்? அந்த மனுஷனைக் கொல்லணும்னே வந்திருக்கீங்களா?"

அவர் காதில் எதுவும் விழவில்லை. அவளைத் தாண்டிப்போய்ச் சுவரிலிருந்த சுவிட்சைத் தட்டி அணைத்தார். மேஜை மேலிருந்த இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தினார். அதற்கடியில் ஒரு அடுக்கு மாஸ்க் கரிக்கட்டையாகி, இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

"வெளியே போங்க முதல்ல!" அவள் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தாள். "உங்களால எங்க வீட்டுக்குள்ள வந்துடப் போகுது!"

உள்ளறையில் இருமல் மறுபடி ஆரம்பித்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. மீசைக்காரர் சாத்தியிருந்த அந்தக் கதவைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். மெல்ல வாசல்வரை பின்னால் நகர்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கையும் மீசையையும் சேர்த்துப் பொத்திக்கொண்டார்.

"தங்கச்சி, கருகுற நாத்தம் மாடிவரைக்கும் வருது... உனக்கு வாடையே வரலையா?"