எரிச்சல் தொடங்கிய நாள்

மின்விசிறிக்கு நேர் கீழே வரதன். அவனுக்கு இடப்பக்கம் சின்னராசு, எதிரில் சத்யா. பெஞ்சின் கடைசியில், பாதி உடம்பு வெளியே இருக்க, குணாளன்.

கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலையின் கேன்டீன்.

சோற்றில் கை வைக்குமுன் மாத்திரை அட்டை ஒரு சுற்று வரவேண்டும். குழம்பின் காரத்துக்கு நெஞ்சு எரியாமல் இருக்க, ஆளுக்கொன்று. இந்த மேசையின் வழக்கம் அது. அட்டை வாங்கிவருவது குணாளன் பொறுப்பு.

காலையில்தான் ஆலை டாக்டர் ஹெலன் அவனைக் கடிந்துகொண்டிருந்தார். ஓயாத வயிற்றுப்போக்கு என்று அவரிடம் போயிருந்தான். வயிற்றின் உள்தோல் தனக்குத்தானே வழவழவென்று ஒரு பூச்சுப் பூசிக்கொண்டு அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும். சோற்றோடு வரும் கிருமியை அந்த அமிலம் வாசலிலேயே தீர்த்துவிடும். எரிச்சல் இல்லாதவன் அமிலத்தை அடக்கும் இந்த மாத்திரையைத் தினமும் விழுங்கினால், காவல்காரனைத் தூங்கவைத்துவிட்டுக் கதவைத் திறந்துபோட்ட மாதிரி என்றார்.

எரிச்சல் எப்போது தொடங்கியது என்று கேட்டார்.

சட்டென்று நினைவில்லை என்றான் குணாளன். யோசித்து எழுதி அனுப்பச் சொல்லி ஓர் உறையைக் கொடுத்தார்.

இப்போது அட்டை சுற்றிக்கொண்டு அவனிடம் வந்தது. பிரிக்காமல் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

வரதன் பார்த்துவிட்டான். “இன்னாபா, எரிச்சல் போய்ட்ச்சா? அப்ப இன்னாத்துக்கு எங்க கூட குந்திகினு கீற?”

மேசையே சிரித்தது. குணாளனும் சிரித்தான். சிரித்தபடியே ஒன்றைப் பிதுக்கி விழுங்கினான்.

பள்ளிப்பட்டிலிருந்து வந்து சேர்ந்த முதல் வருஷம் முழுக்க, தண்ணீர் டிரம் ஓரம் நின்றுதான் தின்றான். யாரும் பேர்கூடக் கேட்கவில்லை. ஊருக்குக் கடிதம் எழுதுவான். அம்மா போனபின் அதற்கும் ஆளில்லை.

ஆடித் திருவிழா முடிந்து ஒருநாள் மத்தியானம், வயிற்றில் கைவைத்து நின்றவனை வரதன் கூப்பிட்டான்.

“உனக்கும் எரியுதா நைனா? இந்தா, போட்டுக்க. இப்டி வந்து குந்து.”

பெல்ட் இறுக்கியிருந்தது, அவ்வளவுதான்.

ஆமாம், எரியுது என்றான் குணாளன்.

இன்று மற்றவர்கள் கைகழுவ எழுந்ததும், டாக்டர் கொடுத்த உறையையும் ஒரு காகிதத்தையும் எடுத்தான். தேதி, பெயர், விளி எல்லாம் முறையாக எழுதினான். டாக்டர் கேட்ட கேள்விக்கு இப்படி எழுதினான்: பெரியபாளையத்து ஆடித் திருவிழாவுக்கு மறுவாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

உறையின் வாயில் ஒரு சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒட்டி, டாக்டரிடம் சேர்க்கச் சொல்லி ஆலை ஆம்புலன்ஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினான்.