எட்டுக் கொம்பு

"திருடன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்" என்றார் மேனேஜர்.

மேனேஜர் என்பது பழைய பதவி. ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் அவர் அதிலிருந்து இறங்கவில்லை.

வைஃபை மாட்ட வந்த டெக்னீஷியன் சுவரைப் பார்த்தான். ஹாலில் இருந்த பழைய ரவுட்டரைக் கழற்றி, வயரைச் சுற்றி, சாப்பாட்டு மேசையில் மல்லாக்கப் போட்டிருந்தான். பக்கத்தில் பிரிக்காத இரண்டு புதிய பெட்டிகள்.

"இதுல சிவப்பு லைட்தான் எரிஞ்சிட்டிருந்தது சார்."

"எரிஞ்சா சரிதானே. லைட்டுக்கு என்ன கலரா முக்கியம்?"

சாத்தியிருந்த சமையலறைக் கதவுக்குப் பின்னால் மகள் லேப்டாப்பைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தாள். வேலைக்கான கடைசிச் சுற்று நேர்காணல். ஏற்கனவே இரண்டு கம்பெனிகள் கைவிரித்துவிட்டன. இதுவும் கிடைக்காவிட்டால் அப்பா பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தாள்.

"இந்த வீட்ல அந்தச் சமையல்கட்டுச் சுவர் பக்கம்தான் நெட் நல்லா கிடைக்குது. ரவுட்டர் இருக்கிற ஹால்ல இழுத்துக்கோ பறிச்சுக்கோன்னு கிடக்கு. ஏன்னு சொல்லு பாப்போம்."

டெக்னீஷியன் தலையைச் சொறிந்தான்.

"மொத்தத்தையும் பக்கத்து வீட்டு மௌனச்சாமி தன் பக்கமா இழுக்கிறான். போன மாசம் வீட்டப் பூட்டிட்டு எங்கியோ போயிருந்தான். அவன் வர்ற வரைக்கும் இங்க நெட்டே இல்ல. போறப்பவே உறிஞ்சிட்டுப் போயிட்டான்."

"அப்படியெல்லாம் உறிஞ்ச முடியாது சார்."

"உனக்குத் தெரியாது. பொண்டாட்டி செத்துப் போனதுலேருந்து அவன் வெளக்குகூடப் போடுறதில்ல. வாயத் தெறக்கறதில்ல. இருட்டுல உக்காந்து படம் பாக்கிறான். எல்லாம் நம்ம நெட்டு."

மனைவி சமையலறைக் கதவை மெல்லத் திறந்து, மெல்லச் சாத்திவிட்டு வந்தாள். "ஏங்க, கொஞ்சம் மெதுவா. பக்கத்து வீட்டுத் தம்பி விஷயமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்…"

"இதுல உனக்கென்ன தெரியும்? கேஸ் சிலிண்டர் தீர்ந்தா வந்து சொல்லு."

அவள் வாயை மூடிக்கொண்டாள். பழகிய வாய்.

டெக்னீஷியன் ஒரு பெட்டியை முன்னால் தள்ளினான். "இது ரெண்டு யூனிட் சார். ஒண்ணு ஹால்ல, ஒண்ணு உள் ரூம்ல. வீடு முழுக்க ஒரே மாதிரி கிடைக்கும். இன்னொண்ணு ஒரே யூனிட். பாக்கத்தான் பெருசு."

"கொம்பு எதுல ஜாஸ்தி?"

"ஆன்டெனாவா? பெருசுல எட்டு."

"அதையே மாட்டு. அவனுக்கு மட்டும் என்ன கொம்பா மொளச்சிருக்கு? அவன்கிட்டயும் ஒரு மிஷின் ஓடுது. மொதல்ல அத நிறுத்திட்டு வரேன்."

மேனேஜர் கொல்லைப்பக்கம் போனார். இடுப்பளவு மதில் சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். முப்பது வயதிருக்கும். கொடியில் சட்டைகள் மட்டும் தொங்கின.

"ஏம்பா, உன் வீட்டு வைஃபைய ஆஃப் பண்ணு."

அவன் சட்டையை உதறுவதை நிறுத்தினான். "ஏன் சார்?"

"என் சிக்னல் அதுல மோதிக் கெட்டுப்போகுது. புதுசு மாட்டறேன். எட்டுக் கொம்பு. இனிமே உன் வேலையெல்லாம் நடக்காது."

அவன் எட்டி அவர் வீட்டுப் பக்கம் பார்த்தான். "வீட்ல கேட்டுட்டீங்களா சார்?"

"என் வீட்ல நான் யாரக் கேக்கணும்? ஆஃப் பண்றியா, நான் உள்ள வந்து பிடுங்கவா?"

"சரி சார்."

ஈரச் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனான். மேனேஜர் ஹாலுக்குத் திரும்பினார். ஆளை ஒரே வார்த்தையில் அடக்கிய நடை.

சமையலறைக் கதவு திறந்தது. மகள் நின்றாள். முகத்தில் ரத்தமில்லை. "நெட் போச்சுப்பா. நான் பதில் சொல்லிட்டிருக்கும்போதே போச்சு."

மேனேஜர் டெக்னீஷியன் பக்கம் திரும்பினார். "அறிவிருக்கா உனக்கு? அவ பேசி முடிக்கறதுக்குள்ள எதைய்யா கழட்டின?"

"பழைய பெட்டியத்தான் சார். வந்ததுமே கழட்டிட்டேன். அரை மணி நேரமாச்சு."

மேனேஜர் மேசையைப் பார்த்தார். பழைய ரவுட்டர் மல்லாந்து கிடந்தது. புதிய பெட்டியில் ஒட்டிய டேப்பைக்கூட யாரும் கிழிக்கவில்லை.

"அப்ப இவ்வளவு நேரம் இவ எதுல பேசினா?"

மனைவி அங்கே இல்லை. மதில் சுவரருகே அவள் குரல் கேட்டது. "தம்பி, போட்டுடுப்பா. பாப்பாவுக்கு இன்டர்வியூ."

மகள் லேப்டாப்பின் முன்னால் போய் உட்கார்ந்தாள். திரையில் சிறிய வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு அவள் மன்னிப்புக் கேட்பதும், விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வதும் ஹால் வரை கேட்டன.

கொல்லைப்பக்கமிருந்து பக்கத்து வீட்டுக்காரனின் குரல் வந்தது.

"பாஸ்வேர்ட் அதேதான்க்கா. உங்களுக்கு அவ குடுத்தது, நான் மாத்தல."