இழுப்பறைக்கு வந்த புது போர்டு

மோட்டார், விளக்கு எல்லாவற்றையும் சொன்னபடி இயக்குகிற குட்டி போர்டு ஒன்றைத் தணிகைவேல் வாங்கி வந்தார். வந்ததும் கேபிளில் மாட்டி, ஒரு சின்ன விளக்கைச் சிமிட்ட வைத்துப் பார்த்தார். நன்றாகவே சிமிட்டியது. பிறகு அதை இழுப்பறையில் போட்டு மூடினார்.

உள்ளே பழைய போர்டு ஒன்று தூசியோடு கிடந்தது.

"சும்மா ஓய்வுக்குத்தான் வந்தேன் அண்ணே," என்றது புதுசு. "நாளைக்குத் தண்ணித்தொட்டி மோட்டாரை என்கிட்ட ஒப்படைக்கப் போறார். தொட்டி நிறைஞ்சா நான்தான் நிறுத்தணும்."

"விளக்கைச் சிமிட்டிக் காட்டினியா?"

"காட்டினேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்."

"எனக்கும் அப்படித்தான். நான் செடிக்குத் தண்ணி விடுறதா இருந்தேன்."

"உங்களுக்கு ராசி இல்லண்ணே," என்று புதுசு சிரித்தது.

மழைக்காலம் வந்து போன பிறகு ஒருநாள் இழுப்பறை திறந்தது. புதுசு நிமிர்ந்து உட்கார்ந்தது. உள்ளே வந்த கை அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, அடியில் கிடந்த கேபிளை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. வெளியே ஏதோ புது உறையைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.

பழசு நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டது.

"நீங்க ஏண்ணே நெருக்கியடிக்கிறீங்க?" என்றது புதுசு. "நான் இப்பக் கிளம்பிடுவேன். என் இடத்தைக் கொடுத்துடலாம்."