வலது ஓரத்துத் தூசி

"இதுல வீடு எங்க இருக்கு? மூலையில எறும்பு ஒண்ணு செத்துக் கிடக்கு, அவ்வளவுதான்."

மேஸ்திரி தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். மேசை அகலத் தாள். இடது மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி, மீதி எல்லாம் வெள்ளை. வலது ஓரத்தில் இருந்த தூசியை விரலால் சுண்டினார். போகவில்லை.

"அந்த எறும்புதான் மேஸ்திரி வீடு," என்றாள் மருமகள். "திரையில பாருங்க, அறை, கதவு, படி எல்லாம் ஜம்முனு இருக்கு. அச்சுக்கு அனுப்பினா இப்படிச் சுருங்கிக்குது. காலையிலேருந்து ஒன்பது தாள் போச்சு."

"நான் என்ன, திரையைத் தோள்ல தூக்கிட்டுப் போயி அஸ்திவாரம் தோண்டறதா? அங்க பன்னெண்டு பேரு அளவு தெரியாம குத்தவெச்சு உக்காந்திருக்காங்க."

உள் அறையிலிருந்து குரல் வந்தது. "என்ன, வந்துச்சா?"

மாமனார். அலுவலகமே அவருடையது. நாற்பது வருடம் பென்சிலால் வீடு வரைந்த கை. யார் படம் கொண்டு போனாலும் அடியில் சிவப்புப் பென்சிலால் ஒரே வரிதான் எழுதுவார்: 'சரியில்லை. மறுபடி போடு.' மருமகள் மல்லுக்கட்டித்தான் ஆறு மாதத்துக்கு முன் இந்தக் கணினி உள்ளே வந்தது. அதை விரலால்கூடத் தொட மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"இன்னும் இல்ல மாமா."

"நாலு மணி வரைக்கும் பார்ப்பேன். வரலேன்னா அந்தப் பெட்டியை மூட்டை கட்டிடு. பழையபடி நானே போட்டுக்கறேன். நீ வீட்டைப் பார்த்துக்கோ."

மணி மூன்றேகால். மருமகள் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்தாள்.

"இந்த நாற்காலி வேற! கூட்ட வர்றவங்க தினம் காலையில இதை உயரமா ஏத்தி வெச்சுட்டுப் போயிடறாங்க. காலே தரையில படல."

"நாற்காலியை அப்புறம் திட்டலாம். படத்தைக் குடும்மா."

அளவை மாற்றினாள். தாளை மாற்றினாள். கணினியை அணைத்து, பத்து எண்ணி, மறுபடி போட்டாள். பத்தாவது தாள் வந்தது. பத்தாவது எறும்பும் வந்தது.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "எனக்கு இந்தப் பெட்டியைப் பத்தித் தெரியாது. ஆனா போட்டோ எடுக்கறப்ப ஒருத்தன் மட்டும் தெருக்கோடியில நின்னா, அவனையும் சேர்க்கணும்னு கேமராக்காரன் பின்னாலயே போவான். மத்தவங்க எல்லாம் கடுகாத் தெரிவாங்க. இங்கயும் எவனோ தள்ளி நிக்கறான்."

மருமகளின் கை நின்றது. மொத்தப் படத்தையும் காட்டும் பொத்தானை அமுக்கினாள். வீடு சுருங்கிச் சுருங்கி இடது மூலைக்கு ஓடியது. வலது ஓரத்தில், எங்கேயோ தொலைவில், இன்னொரு புள்ளி.

"அய்யோ, தூசின்னு பத்துத் தடவை துடைச்சேனே!"

கிட்டே இழுத்துப் பார்த்தாள். அது ஒரு வீடு. கதவு கூரையைவிட உயரம்.

மேஸ்திரி சிரித்தார். "யாரு இந்தக் கொத்தனாரு? சுவரு நாலும் நாலு பக்கம் நடக்குது! ஏதோ குழந்தை விளையாடியிருக்கு."

"இங்க எந்தக் குழந்தை வருது? எவனோ ஓரமாக் கை பழகியிருக்கான். தாள்னா ஓரத்தை வெட்டி எறியலாம். இதுக்கு ஓரமே கிடையாதே! ஆள் மட்டும் கையில கிடைக்கட்டும், அவனை..."

பாதியில் நிறுத்தினாள். வீட்டுக்கு அடியில் சிவப்பு நிறத்தில், கோடு கோடாக இழுத்து ஏதோ எழுதியிருந்தது. படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"என்னம்மா எழுதியிருக்கு? நான் கண்ணாடி கொண்டு வரல."

"ஒண்ணுமில்ல மேஸ்திரி."

தரையில் படாத தன் கால்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு அந்தக் கோணல் வீட்டை மட்டும் வெட்டி எடுத்து வேறொரு கோப்பில் வைத்தாள். பதினோராவது தாளில் வீடு முழுசாக வந்து இறங்கியது. மேஸ்திரி அதைச் சுருட்டி அக்குளில் செருகிக்கொண்டு ஓட்டமாக ஓடினார்.

மாமனார் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே வந்தார். "என்னதான் கோளாறு?"

"யாரோ தள்ளி ஒரு வீடு போட்டிருந்தாங்க மாமா."

"அழிச்சிட்டியா?" குரல் இறங்கியிருந்தது.

"இல்ல, தனியா பத்திரமா வெச்சிருக்கேன். நாளைக்குக் காலையில எஃப் எட்டுங்கற பொத்தானை அமுக்கிட்டுப் போடுங்க மாமா, சுவர் கோணாது."

திரையில், கோணல் வீட்டுக்கு அடியில், சிவப்பாக நின்றது அந்த வரி: 'சரியில்லை. மறுபடி போடு.'