மூதாதையரின் ஒப்புதல்

டச்சு நாட்டுப் பழைய ஓவியங்களின் இணையக் காப்பகத்தில், படத்திலிருக்கும் மூதாதையரோ அவருடைய குடும்பத்தாரோ வாய் திறந்து ஒப்புக்கொண்டால்தான் ஒருவருடைய பெயர் வம்சாவளியில் ஏறும். நாகப்பட்டினத்துக் கிளாரா பொற்செல்வி, தன் பூனைக்கண்கள் டச்சுக்கார மூதாதையருடைய கொடை என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வந்தாள். அதை ஒருநாளும் நம்பாத நாத்தனார் ஜெசிந்தா, அவள் அந்தக் காப்பகத்தைத் திறந்த அன்று வேடிக்கை பார்ப்பதற்கென்றே அருகில் வந்து அமர்ந்திருந்தாள்.

திரையில் கப்பல் வணிகர் வில்லெம் தோன்றினார். கிளாராவின் கண்களே அவர் முகத்திலும் இருந்தன.

"நாகப்பட்டினமா? அந்த ஊர்ப் பக்கமே நான் வந்ததில்லையேம்மா" என்றார் அவர், இடப்புறம் பார்த்துக்கொண்டே.

"போச்சா அண்ணி! தாத்தாவே கைகழுவிட்டாரு" என்று ஜெசிந்தா சிரித்தாள்.

கிளாராவின் முகம் சுண்டிவிட்டது. ஆயினும், அவர் யாருக்கோ அஞ்சுகிறார் என்று ஐயுற்று, இடப்புறத்துப் படத்தைத் தொட்டாள். அங்கே வில்லெமின் மனைவி கொர்னேலியா, கழுத்தைச் சுற்றிக் கஞ்சிபோட்ட வெள்ளைக் கொசுவப் பட்டையுடன் வீற்றிருந்தாள்.

"கிட்ட வாம்மா" என்றழைத்துக் கிளாராவின் கண்களை உற்றுநோக்கினாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "மூணு வருஷமா இலங்கையில காய்ச்சல்ல கிடந்தேன்னீங்களே, இதுதானா அந்தக் காய்ச்சல்?"

வில்லெம் படச்சட்டத்துக்குள் எவ்வளவு ஒதுங்க முடியுமோ அவ்வளவு ஒதுங்கினார்.

மறுநாள் காப்பகத்திலிருந்து மடல் வந்தது. கொர்னேலியாவின் சாட்சியத்தின்பேரில் கிளாராவின் பெயர் வம்சாவளியில் ஏறிவிட்டது. கொர்னேலியா அம்மையாருடைய படம், அவரது வேண்டுகோளின்படியே, கணவரின் பக்கத்திலிருந்து அகற்றப்பட்டுக் கறவை மாடுகளின் பிரிவுக்கு மாற்றப்பட்டிருப்பதாகவும் அதில் கண்டிருந்தது.