சண்டைக்கு மட்டும் இங்கிலீஷ்

"மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் டீச்சர். எனக்குச் சண்டை போட மட்டும் முதல்ல சொல்லிக் குடுங்க."

தையல்கார அம்மா இப்படிச் சொன்னதும் வகுப்பே சிரித்தது.

நூலக மாடியில் நடக்கும் மாலை வகுப்பு அது. வேலை முடிந்து வருகிற பெரியவர்களுக்கு இலவசமாக ஆங்கிலம். சொல்லிக்கொடுப்பவளும் சம்பளம் வாங்காத ஒரு இளம்பெண்தான்.

"யார்கூட அக்கா சண்டை?" என்றார் பெயிண்டர்.

"அது எதுக்கு உனக்கு? ஒரு பொண்ணு விஷயம்."

"புது மருமகதானே? போன்ல இங்கிலீஷா பொரிஞ்சு தள்ளுதுன்னு நீங்கதானே சொன்னீங்க. பாவம்க்கா, விட்டுடுங்க."

தையல்கார அம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு டீச்சரையே பார்த்தார்.

டீச்சருக்குச் சங்கடமாக இருந்தது. முகம் தெரியாத அந்த மருமகளை நினைத்துப் பார்த்தாள்.

"அதுக்குப் பதிலா, அன்பா விசாரிக்கிற மாதிரி நாலு வார்த்தை கத்துக்கலாமே அம்மா. வீட்டுல நிம்மதியா இருக்கும்."

"அன்பெல்லாம் எனக்கு வாயைத் திறக்காமயே வரும். சண்டைதான் வரமாட்டேங்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தாகணும்."

வெள்ளிக்கிழமை என்றதும் டீச்சருக்குத் தன் கவலை வந்துவிட்டது.

முந்தின நாள்தான் வகுப்பு நிர்வாகி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டிருந்தார். "உங்க பேர்ல ஒரு குறையும் இல்லைம்மா. ஆனா நீங்க பேசுறது முதல் வரிசைக்கே பாதிதான் கேக்குது. இந்த வெள்ளிக்கிழமையோட நிறுத்திக்கலாம். அடுத்த வாரத்துலேருந்து வேற ஒருத்தர் வர்றார்."

நாள் முழுக்க அவள் காத்துக்கிடப்பதே இந்த வகுப்புக்காகத்தான். அதைக்கூட அவளால் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். வகுப்பில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

போகிற நேரத்தில் கேட்டதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போவோமே என்று தோன்றியது.

"சரி. என்ன சொல்லணும்?"

"எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"டிட் யூ ஆஸ்க் அஸ்?"

"என்ன டீச்சர், பக்கத்துல குழந்தை தூங்குற மாதிரி சொல்றீங்க? கொஞ்சம் சத்தமா."

"டிட் யூ ஆஸ்க் அஸ்?"

"ம்ஹூம். காரமே இல்ல."

பெயிண்டர் எழுந்து முன்னால் வந்து, நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். முகத்தை ஒரு வெட்டு வெட்டித் திருப்பிக்கொண்டார். "நான்தான் மருமக. இப்பக் கேளுங்க பாக்கலாம்."

அந்த வெட்டைப் பார்த்ததும் டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து குரலும் வந்துவிட்டது. மேஜையைத் தட்டி, "டிட் யூ ஆஸ்க் அஸ்?" என்றாள். தட்டின தட்டில் சாக்பீஸ் டப்பா கீழே விழுந்து உருண்டது.

"இதுதான் சண்டை" என்றார் தையல்கார அம்மா திருப்தியாக.

சத்தம் கேட்டு நூலகர் மாடியேறி வந்து எட்டிப் பார்த்தார். "என்ன நடக்குது இங்க?"

"டிட் யூ ஆஸ்க் அஸ்?" என்று வகுப்பு மொத்தமும் அவரைக் கேட்டது.

நூலகர் வந்த வழியே இறங்கிப் போனார்.

அடுத்தடுத்த நாட்களில், 'நீங்க யாரு முடிவு பண்ண' வந்தது. 'பதில் சொல்லாம நகரமாட்டேன்' வந்தது. சண்டை முற்ற முற்ற டீச்சருக்கு மருமகளை நினைத்து மனசு கேட்கவில்லை.

"அம்மா, கடைசியில ஒரு 'ப்ளீஸ்' சேத்துக்குங்க."

"சண்டையில எதுக்கு டீச்சர் ப்ளீஸு?"

"எனக்காக."

"உங்களுக்காகன்னா சரி."

வெள்ளிக்கிழமை வகுப்புக்குத் தையல்கார அம்மா வரவில்லை.

"இன்னிக்குத்தான் போர் போல" என்றார் பெயிண்டர். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரால் சிரிக்க முடியவில்லை. யாரோ ஒரு பெண்ணை அழவைக்கச் சொல்லிக்கொடுத்ததுதான் தன் கடைசிப் பாடமா என்று இருந்தது.

வகுப்பு முடிந்ததும் அலமாரிச் சாவியை எடுத்துக்கொண்டு நிர்வாகியின் அறைக்குப் போனாள். அவர் அப்போதுதான் ஒரு புயல் கடந்துபோன மாதிரி, கலைந்த காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சாவி சார்."

"நீங்களே வெச்சுக்குங்கம்மா. அந்தப் புது ஆளை வரவேண்டாம்னு இப்பத்தான் சொன்னேன்."

"ஏன் சார்?"

"நீங்க மேல வகுப்புல இருந்தப்ப ஒரு அம்மா இங்க வந்தாங்க. அன்னிக்கு நான் உங்ககிட்டப் பேசினதை வெளியில நின்னு கேட்டிருக்காங்க. மேஜையைத் தட்டி ஒரே சண்டை. மூச்சு வாங்குதேன்னு தண்ணி குடுத்தேன். குடிச்சுட்டு மறுபடி ஆரம்பிச்சுட்டாங்க. கூட அவங்க மருமகளாம், வாசல்ல நின்னு கைதட்டுது."

டீச்சர் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் இங்கிலீஷ். 'அம்மா, எனக்குத் தமிழ் தெரியும், தமிழ்லயே திட்டுங்க'ன்னு கெஞ்சிப் பாத்தேன்."

"அதுக்கு என்ன சார் சொன்னாங்க?"

"'தமிழ்ல திட்டினா, எங்க டீச்சர் எவ்வளவு நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?'னாங்க."